கேமராவில் தெரியாத அமிலாய்டு பயாப்சியில் வந்தால் நம்பலாமா?

தக்கலை வாசகர்:
என் மாமிக்கு 62 வயது. முடக்குவாதம் 20 ஆண்டுகளாக இருக்கிறது. ஆறு மாதமாக வயிற்றுப்போக்கு நிற்காமல் எடையும் குறைந்ததால் நாகர்கோவிலில் எண்டோஸ்கோபி செய்தோம். இரைப்பை இயல்பாக இருக்கிறது, முன்சிறுகுடலின் உட்படலம் மட்டும் சற்றுச் சொரசொரப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். பயாப்சியிலோ அமிலாய்டு என்று வந்திருக்கிறது. ஒரு துணுக்குச் சதையை வைத்து இதை நம்பலாமா? திருவனந்தபுரம் போய் மறுபடியும் எண்டோஸ்கோபி செய்ய வேண்டுமா?

நோய்க்குறியியல் மருத்துவர், நாகர்கோவில்:
காங்கோ ரெட் சாயமேற்றிப் பார்த்திருந்தால் தாராளமாக நம்பலாம். தவறாக மடிந்த புரதம் இழை இழையாகத் திசுவுக்குள் படிவதே அமிலாய்டு. வழக்கமான சாயத்தில் அது இளஞ்சிவப்புக் கூழாக, பெரும்பாலும் சிறு இரத்தக்குழாய்ச் சுவர்களில் தெரியும். வெறும் நார்த்திசு என்று எண்ணிக் கடந்துவிடுவதும் உண்டு. பருத்தித் துணிக்காக 1883இல் உருவான காங்கோ ரெட்டை ஏற்றி, முனைவாக்கிய ஒளியில் பார்க்கும்போது ஆப்பிள் பச்சை மினுங்கினால் உறுதி. கண்ணாடியில் வைக்கும் திசுச் சீவல் 8 முதல் 10 மைக்ரான் வரை தடிமனாக இல்லாவிட்டால் அந்தப் பச்சை தவறிப்போகலாம் என்பதால், அறிக்கையில் பச்சை நிறம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

குடல்நோய் மருத்துவர், மார்த்தாண்டம்:
மறு எண்டோஸ்கோபி இப்போது தேவையில்லை என்பது என் கருத்து. படிவு எந்த அடுக்கில் இருக்கிறதோ அதற்கேற்பவே குடலின் தோற்றம் மாறும். நாள்பட்ட அழற்சியால் வரும் ஏஏ வகை உட்படலத்தின் மேலடுக்கில் படிவதால் சொரசொரப்பும் அரிப்புப் புண்ணும் வயிற்றுப்போக்கும் உண்டாகின்றன. எலும்பு மஜ்ஜை அணுக்களின் புரதத்தால் வரும் ஏஎல் வகை அடியடுக்குகளிலும் தசையிலும் படிந்து, மடிப்புகளைத் தடிப்பாக்கி, மொட்டுப்போன்ற புடைப்புகளை எழுப்பி, மலச்சிக்கலையோ குடல் அடைப்பையோ கொண்டுவரும். படலம் முற்றிலும் இயல்பாகத் தெரிவதும் உண்டு. அதனால்தான் சந்தேகம் இருந்தால் நல்ல இடத்திலிருந்தும் சதை எடுக்கிறோம். உங்கள் மாமியின் முடக்குவாதத்தைப் பார்த்தால் ஏஏ வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் ஊகித்து மருந்து தொடங்கக் கூடாது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, வகை பிரிக்கும் சோதனைக்கு அனுப்புங்கள். சிறுநீரில் புரதம் பார்த்தீர்களா?

தக்கலை வாசகர்:
பார்த்தோம் ஐயா, இரண்டு பிளஸ் இருந்தது. சர்க்கரை இல்லாததால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குடல்நோய் மருத்துவர், மார்த்தாண்டம்:
அப்படியானால் சிறுநீரகத்திலும் படிந்திருக்கலாம். பிளாக் வந்து சேரும்வரை காத்திராமல், இந்த வாரமே சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தச் சோதனையும் 24 மணி நேரச் சிறுநீர்ப் புரதமும் பார்த்துவிட்டு, முடக்குவாத மருத்துவரிடம் இரண்டு அறிக்கைகளையும் காட்டுங்கள்.