அப்பாவின் தாடை: ரங்கூனில் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு வாய்ப்புற்று. கதிர்வீச்சுக்குப் பிறகு நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் பல் பிடுங்கிய இடம் ஆறாமல், கீழ்த்தாடை எலும்பே செத்துவிட்டது. அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே இருக்கும் மெல்லிய எலும்பை வைத்துத் தாடை கட்டியிருக்கிறார்கள். கால் பரவாயில்லை, தடி ஊன்றி நடக்கிறார்.

வாய்தான் திறக்கவில்லை. மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒன்றுதான் நுழைகிறது. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னார்கள். வலி தாங்காமல் குச்சியைத் தூக்கி எறிகிறார். மொஹிங்கா நூடுல்ஸைக் கத்தரியால் பொடியாக நறுக்கி, மீன்சாறு நிறைய ஊற்றினால் ஒரு கிண்ணம் இறங்குகிறது. மிளகாய் துளி பட்டாலும் கண் கலங்குகிறது. எடை குறைந்துகொண்டே போகிறது. இந்த நிலையிலும் வெற்றிலை கேட்கிறார், என்ன சொல்ல!

ரங்கூனில் தாடைப் பயிற்சி கற்றுத்தரும் பிசியோதெரபிஸ்ட் யாரையாவது தெரியுமா? வாய் திறக்கும் கருவியைச் சென்னையிலிருந்து வருபவர்கள் யாராவது வாங்கி வர முடியுமா? பணம் கொடுத்துவிடுகிறேன். இதே சிகிச்சை எடுத்தவர்கள், ராத்திரி வாய் காய்ந்துபோவதற்கு என்ன செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் பல்லையும் பிடுங்கிவிடு என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.