16 மாதக் குழந்தைக்குப் பின்நோக்கிய கார் சீட்: பெல்ட் எட்டவில்லை, என்ன செய்யலாம்?

கோவைத்தாய்:

வணக்கம். மகளுக்கு 16 மாதம். எடை 10.2 கிலோ, உயரம் 79 செ.மீ. இதுவரை கைப்பிடி வைத்த கூடை மாதிரி பேபி சீட்டில்தான் காரில் வந்தாள். 13 கிலோ வரை தாங்கும் என்று அதில் போட்டிருக்கிறது, ஆனால் இப்போதே தலை மேல் விளிம்பைத் தொட்டுவிட்டது. இனி அதில் உட்கார வைக்க மனம் வரவில்லை.

மாதம் ஒருமுறை மதுரைக்கு, மாமியார் வீட்டுக்குப் போகிறோம். பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழி. நடுவில் நிறுத்தி நிறுத்திப் போனால் ஐந்து மணி நேரம் ஆகிவிடும்.

எங்கள் வண்டி 2017 மாடல் சின்ன ஹேட்ச்பேக், பழைய வண்டியாக வாங்கியது. ஐசோஃபிக்ஸ் (பெல்ட் இல்லாமல் குழந்தை சீட்டை மாட்ட வண்டியிலேயே இருக்கும் கம்பி வளையங்கள்) கிடையாது என்று விற்றவர் சொன்னார். நாத்தனார் தன் பையன் உட்கார்ந்த சீட்டைக் கொடுத்தார். அது கார் பெல்ட்டால் கட்டும் வகை. முன்நோக்கி வைத்தால் பெல்ட் சரியாக வருகிறது. பின்நோக்கி, அதாவது குழந்தை வண்டியின் பின்பக்கம் பார்த்து உட்காரும்படி வைத்துச் சுற்றினால் பக்கிளுக்கு நாலு விரற்கடை எட்டவில்லை. நேற்று ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியும் முடியவில்லை.

"ஒரு வயசு தாண்டிடுச்சு, திருப்பிப் போடு. பாவம், காலை மடக்கிக்கிட்டு எவ்வளவு நேரம்தான் உக்காருவா" என்கிறார் மாமியார். கணவர், "முன் சீட்டு பெல்ட் நீளமா இருக்கே, அங்கே வெச்சுப் பார்க்கலாமா" என்கிறார். ஆன்லைனில் பெல்ட்டை நீட்ட எக்ஸ்டென்டர் என்று ஒன்று விற்கிறார்கள். எதைச் செய்வது? புது சீட்தான் வாங்க வேண்டும் என்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம்.

தாம்பரம் அப்பா:

சகோதரி, முதலில் முன் சீட் யோசனையை விட்டுவிடுங்கள். பக்கத்து சீட்டில் ஏர்பேக் இருக்கும் வண்டியில் பின்நோக்கிய சீட்டை அங்கே வைக்கவே கூடாது. ஏர்பேக் வெடித்து விரியும் வேகம் நேராக சீட்டின் முதுகில் விழும், அந்த முதுகுக்குப் பின்னால் குழந்தையின் தலை இருக்கிறது. பக்கத்து சீட்டின் சன் வைசரைக் கீழே இறக்கிப் பாருங்கள், குழந்தை சீட் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

எக்ஸ்டென்டரும் வேண்டாம். அந்த சீட்டை யாரும் எக்ஸ்டென்டரோடு சேர்த்துச் சோதித்திருக்க மாட்டார்கள். அதோடு பக்கிள் இருக்க வேண்டிய இடத்தை விட்டு மேலே ஏறி, சீட்டின் ஓரத்தில் மோதி நிற்கும். இழுப்பு வரும்போது அங்கேதான் கைவிடும்.

பெல்ட் எட்டாதது உங்கள் தவறில்லை. நம் ஊர் சின்ன வண்டிகளில் இது அடிக்கடி வரும் சிக்கல். பின்நோக்கி வைக்கும்போது பெல்ட் குழந்தையின் கால் பக்கம் குறுக்கே போய், அப்புறம் சீட்டின் முதுகையும் சுற்றி வர வேண்டும். வண்டி பெல்ட்டில் அவ்வளவு நீளம் இருக்காது. ஒன்று மட்டும் பாருங்கள்: பெல்ட் போகும் வழியில் நீல நிற அடையாளமும் சிவப்பு நிற அடையாளமும் இருக்கும். நீலம் பின்நோக்கிக்கு, சிவப்பு முன்நோக்கிக்கு. நான் முதல் நாள் அவசரத்தில் மாற்றிச் சுற்றிவிட்டேன். நீல வழியில் போயும் எட்டவில்லை என்றால், அந்த சீட் உங்கள் வண்டிக்கு ஆகாது.

இன்னொன்று, நாத்தனார் கொடுத்த சீட்டின் அடியில் தயாரித்த தேதி இருக்கும். அதைப் பாருங்கள். வண்டி எங்காவது மோதியபோது இந்த சீட் அதில் இருந்ததா என்றும் கேட்டுவிடுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேட்க வேண்டும். பிளாஸ்டிக் உள்ளே விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.

வடதேசத்தான்:

நான் ஸ்வீடனில், யோத்தெபோரியில் இருக்கிறேன். முன்நோக்கித் திருப்பலாமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் அந்தக் கேள்வியே ஏறக்குறைய நாலு வயதில்தான் எழும். என் இரண்டு பிள்ளைகளும் அந்த வயது வரை பின்நோக்கித்தான் உட்கார்ந்தார்கள். இங்கே யாரும் அதை வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. 1960களில் முதல் பின்நோக்கிய குழந்தை சீட்டைச் செய்து பார்த்த பெர்டில் ஆல்ட்மன் ஸ்வீடன்காரர்தான், இந்த ஊர் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். விண்கலம் புறப்படும்போது விண்வெளி வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்திருப்பதைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது.

காரணம் கழுத்து. 16 மாதக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கனம். கழுத்து எலும்புகள் இன்னும் முழுதாகக் கூடவில்லை, நடுவே குருத்தெலும்பு. முன்நோக்கி உட்கார்ந்திருக்கும்போது வண்டி மோதினால் வார் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும். அவ்வளவு இழுப்பையும் கழுத்து தாங்க வேண்டும். பின்நோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாக சீட்டின் முதுகில் அழுந்தும். இழுப்பு ஒரே இடத்தில் சேராது.

மடியில் வைத்துக்கொள்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் வீட்டில் யாராவது சொல்வார்கள். 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி, பத்தில் ஒரு வினாடியில் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். உங்கள் 10 கிலோ மகளைப் பிடித்து நிறுத்த, ஏறக்குறைய 140 கிலோ மூட்டையைப் பிடிக்கும் பலம் வேண்டும். எந்த அம்மாவின் கையிலும் அது இல்லை.

கால் மடங்குவது ஆபத்தே இல்லை. பிள்ளைகள் தவளை மாதிரி காலை அகட்டியோ, சம்மணம் போட்டோ, சீட்டின் மேல் தூக்கி வைத்தோ வசதியாக உட்கார்ந்துகொள்வார்கள். வீட்டில் தரையில் அவள் எப்படி உட்காருகிறாள் என்று மாமியாரையே பார்க்கச் சொல்லுங்கள். கால் இடிக்கிறது என்பது சீட் சிறிதாகிவிட்டதற்கு அடையாளம் இல்லை. தலைதான் அடையாளம், அதை நீங்கள் சரியாகவே கவனித்திருக்கிறீர்கள்.

கோவைத்தாய்:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி அண்ணா. 140 கிலோ கணக்கைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய் சன் வைசரை இறக்கிப் பார்த்துவிட்டு வந்தார். ஸ்டிக்கர் இருக்கிறது.

நாத்தனார் சீட்டின் அடியில் 2012 என்று இருக்கிறது. அது இரண்டு வீடு கை மாறி வந்தது, நடுவில் என்ன ஆனது என்று அவருக்கே தெரியாது. அதை விட்டுவிட்டோம். ஒரு சந்தேகம்: 15 மாதம் வரை பின்நோக்கி இருந்தால் போதும் என்று எங்கோ படித்தேனே?

ஈரோடு அக்கா:

அது ஆர்129 என்ற ஐரோப்பிய விதியில் வருவதம்மா. 15 மாதத்துக்கு முன் திருப்பக் கூடாது என்று சொல்கிறது. 15 மாதம் ஆனதும் திருப்பு என்று அது சொல்லவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2018இல் வயதுக் கணக்கை விட்டுவிட்டு, சீட்டில் எழுதியிருக்கும் எடை, உயர வரம்பு வரும் வரை பின்நோக்கியே வையுங்கள் என்று சொல்லிவிட்டது. நம் ஊர்ச் சட்டத்தில் திசை பற்றி இல்லை. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குக் குறைந்த குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது, அவ்வளவுதான்.

நான் எழுத வந்தது வேறு. உங்கள் வண்டி 2017 என்கிறீர்கள். ஐசோஃபிக்ஸ் இல்லை என்று விற்றவர் சொன்னதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பின் சீட்டுக்கு வெளியில் தைத்த சீட் கவர் போட்டிருக்கிறீர்களா? ரெக்சின் கவர் போடும்போது, முதுகும் இருக்கையும் சேரும் அந்த இடுக்கை முழுதாக மூடிவிடுவார்கள். எங்கள் வண்டியில் அப்படித்தான் மூன்று வருடம் ஐசோஃபிக்ஸ் இருந்தும் தெரியாமல் ஓட்டினோம்.

கவரின் எலாஸ்டிக்கை அவிழ்த்துவிட்டு, இடுக்கில் கையை நன்றாக உள்ளே விடுங்கள். ஜன்னல் பக்கத்து இருக்கை ஒவ்வொன்றிலும் பென்சில் கனத்தில் இரண்டு கம்பி வளையங்கள் இருக்கும், ஒன்றுக்கொன்று 28 செ.மீ. தூரத்தில். கைக்குத் தட்டுப்படாவிட்டால் மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டிக் கையேட்டில் குழந்தை சீட் அட்டவணையும் இருக்கும்.

கோவைத்தாய்:

அக்கா, இருக்கிறது!

கவரைக் கழற்றவே அரை மணி நேரம் ஆனது. இடுக்கில் பிஸ்கட் தூள், ஒரு ரூபாய்க் காசு, அவளுடைய தொலைந்துபோன ஒரு சாக்ஸ். அதற்குக் கீழே கையை விட்டதும் விரல் நுனியில் சில்லென்று இரும்பு பட்டது. டேப் வைத்து அளந்தோம், சரியாக 28 செ.மீ. இரண்டு பக்கத்து இருக்கையிலும் இருக்கிறது, நடுவில் இல்லை. இவ்வளவு நாள் அதன் மேலேயே உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தோம்.

இப்போது எந்த சீட் வாங்குவது?

தாம்பரம் அப்பா:

மிகவும் சந்தோஷம். இனி சுலபம்.

கடையில் "0 முதல் 4 வயது வரை" என்று அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பின்நோக்கி எவ்வளவு வரை என்று தனியாகப் பாருங்கள். பழைய ஆர்44 விதிப்படி வந்த பல சீட்கள் பின்நோக்கி 13 கிலோ வரைதான், அதற்கு மேல் முன்நோக்கித்தான் என்று இருக்கும். உங்கள் மகளுக்கு 13 கிலோ வர ரொம்ப நாள் ஆகாது. ஆர்129 சீட்களில் 105 செ.மீ. உயரம் வரை பின்நோக்கி வைக்கும்படி பல மாடல்கள் இருக்கின்றன. விலை கூடுதல்தான், நான் கொடுத்தது 24,000. ஆனால் இப்போது மலிவாக ஒன்றும் ஒரு வருடம் கழித்து இன்னொன்றும் வாங்குவதைவிட இது மேல்.

லேபிளில் வட்டத்துக்குள் ஆங்கில எழுத்து 'ஈ', பக்கத்தில் ஓர் எண், கீழே ஆர்129 அல்லது ஆர்44 என்று இருக்க வேண்டும். இந்தியத் தரம் என்றால் ஏஐஎஸ்-072. ஸ்டிக்கரே இல்லாத சீட் என்ன விலைக்கு வந்தாலும் வேண்டாம்.

ஐசோஃபிக்ஸில் குழந்தை எடையும் சீட் எடையும் சேர்ந்து 33 கிலோவைத் தாண்டக் கூடாது. சில சுழலும் சீட்களே 14, 15 கிலோ கனம். உங்களுக்கு இப்போதைக்குப் பிரச்சினை இல்லை, கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் தரையில் ஊன்றும் ஒரு காலோடு வரும். ஊன்றும் இடத்துக்குக் கீழே, தரைக்குள் சாமான் வைக்கும் பெட்டி இருக்கும் வண்டிகளில் அதை வைக்கலாமா என்று கையேடு பார்க்க வேண்டும். சீட் கம்பெனியும் எந்தெந்த வண்டிக்குப் பொருந்தும் என்று பட்டியல் கொடுக்கும். உங்கள் மாடலும் வருடமும் அதில் இருக்கிறதா பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் வண்டியிலேயே வைத்துப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாத கடையில் வாங்காதீர்கள். சின்ன ஹேட்ச்பேக்கில் பின்நோக்கிய சீட் வைத்தால் முன் சீட்டை முன்னால் தள்ள வேண்டி வரும். டிரைவருக்குப் பின்னால் வைத்தால் உங்கள் கணவர் முழங்கால் இடித்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கும். இடது பக்கம் வையுங்கள். ஓரமாக நிறுத்திக் குழந்தையை இறக்கவும் அதுதான் நல்லது, சாலைப் பக்கம் கதவைத் திறக்க வேண்டாம்.

செவிலி:

குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறேன். சீட் நல்லதாக இருந்தும் வார் தளர்வாக இருக்கும் குழந்தைகளை நிறைய பார்க்கிறேன், அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பின்நோக்கி உட்காரும்போது தோள் வார், தோளுக்குச் சமமாகவோ கொஞ்சம் கீழேயோ இருந்து கிளம்ப வேண்டும். இழுத்துக் கட்டியதும் தோள் எலும்பின் மேல் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி மடிப்பு விரலுக்குள் அகப்பட்டால் தளர்வு, இன்னும் இழுங்கள். விரல் வழுக்கிக்கொண்டு வந்தால் சரி.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் முக்கியம். பட்டுப்பாவாடை போட்டு சீட்டில் உட்கார வைக்காதீர்கள். காலுக்கு நடுவே வரும் வார் பாவாடையைச் சுருட்டி மேலே தள்ளும், பக்கிள் இடுப்பில் அமராமல் வயிற்றில் நிற்கும். பருத்தி பேன்ட்டில் கூட்டிப்போய், மண்டபத்து வாசலில் மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் அரைஞாண் கொடி. அதில் தாயத்து கோத்திருந்தால் பக்கிளுக்கு அடியில் மாட்டி அழுத்தும், குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, அழும். கட்டுவதற்கு முன் பக்கவாட்டில் நகர்த்திவிடுங்கள். ஊட்டிக்குப் போனால் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வாரைக் கட்டி, மேலே போர்த்திவிடுங்கள். தடிமனான துணி மோதலில் அமுங்கி, வார் தளர்ந்துவிடும்.

வெயிலில் நிறுத்திய வண்டியில் பக்கிள் இரும்பு கொதிக்கும். இறங்கும்போது சீட் மேல் வெள்ளைத் துண்டு போட்டுவிட்டுப் போங்கள். ஐந்து நிமிட வேலையாக இருந்தாலும் குழந்தையை வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வாந்தி எடுப்பாள் என்ற பயம் இருந்தால், கிளம்புவதற்கு முன் பால் கொடுப்பதைத் தவிருங்கள். ஓடும் வண்டியில் கடலை, முறுக்கு எதுவும் கையில் கொடுக்காதீர்கள், விக்கினால் சட்டென்று பார்க்க முடியாது.

கோவைத்தாய்:

எல்லோருக்கும் நன்றி. மதுரை போய் வந்துவிட்டோம்.

மூன்று கடை ஏறினோம். முதல் இரண்டு கடையில் வண்டியில் வைத்துப் பார்க்க விடவில்லை. மூன்றாவது கடைப் பையன் அவனே சீட்டைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங்கிற்கு வந்தான். ஆர்129, பின்நோக்கி 105 செ.மீ. வரை, எங்கள் மாடல் பட்டியலில் இருக்கிறது. இரண்டு பக்கமும் 'கிளிக்' என்று சத்தம் வந்து, சிவப்பு அடையாளம் பச்சையாக மாறியது. சீட்டின் காலைத் தரையில் ஊன்றியதும் அதுவும் பச்சை. கணவர் சீட்டைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார், வண்டியே ஆடியது, சீட் அசையவில்லை. முன் சீட்டை ஆறு விரற்கடை முன்னால் நகர்த்த வேண்டியிருந்தது. நான் குள்ளம்தான், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சீட் கவரைத் தையல்காரரிடம் கொடுத்து, கம்பி வரும் இரண்டு இடத்தில் மட்டும் பிரித்து ஓரம் அடித்து வாங்கிக்கொண்டோம்.

பல்லடம் வரை அழுதாள். பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். தாராபுரத்துக்கு முன்பே தூங்கிவிட்டாள், காலைத் தூக்கி சீட்டு முதுகில் வைத்துக்கொண்டு. அந்தப் படத்தை மாமியாருக்கு அனுப்பினேன். திரும்பிக் கிளம்பும்போது அவரே குனிந்து தோள் வாரைக் கிள்ளிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இழு" என்றார். உண்மையாகவே கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது.

105க்கு இன்னும் 26 செ.மீ. இருக்கிறது.