1 டைமண்டுக்கு 2 ஸ்பேட்: பலமான கைக்கா, பலவீனமான கைக்கா?

கோபி: பிரிட்ஜ் சீட்டாட்ட ஏலத்தில் பார்ட்னர் 1 டைமண்ட் என்று திறக்கிறார், அதாவது டைமண்ட் துருப்பாக 6-க்கு மேல் 1 பிடி எடுப்போம் என்கிறார். என் கையில் ஸ்பேட் ஏஸ், கிங், குயின், ஜாக், 7, 3. ஹார்ட் 4, 2. டைமண்ட் கிங், 8, 2. க்ளப் ஏஸ், 5. மொத்தம் 17 பாயிண்ட் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1). 1 ஸ்பேடே சொல்லலாம் என்றாலும் நான் ஒரு மட்டம் தாண்டி நேரே 2 ஸ்பேடுக்குக் குதிப்பேன். இப்போது பலரும் இந்தக் குதிப்பைப் பலவீனமான கைக்குக் கொடுத்துவிட்டார்கள். அது நஷ்டம் என்பது என் கட்சி.

மீரா: காரணம் இல்லாமலா கொடுத்தார்கள்? பார்ட்னர் திறந்த பிறகு எதிரே 17 வருவது அபூர்வம். குயின், ஜாக், 10 தலைமையில் 6 ஸ்பேட், வேறு படமே இல்லை என்ற கைதான் அதைவிட அதிகம் வரும். அதில் 2 ஸ்பேட் சொன்னால் எதிரணி ஹார்ட் பேச 3-க்கு ஏற வேண்டும். உங்கள் கைக்கு 1 ஸ்பேடே போதும், பார்ட்னர் பாஸ் சொல்ல மாட்டார். அவர் 1 நோ டிரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) என்றால் 2 க்ளப் செக்பேக், அதாவது அவர் கையை மேலும் விசாரிக்கும் கேள்வி, அப்புறம் 3 ஸ்பேட். கேம் (போனஸ் தரும் மட்டம்) உறுதி, 6 சீட்டு என்பதும் தெரிந்துவிட்டது.

கோபி: 6 சீட்டு தெரியும், அந்தச் சூட்டில் (ஒரே இனச் சீட்டுகளில்) ஓட்டையே இல்லை என்பது தெரியாதே! கையில் ஸ்பேட் ஒன்றே ஒன்று இருக்கும் பார்ட்னர் தயங்கத்தான் செய்வார். அவர் 2 டைமண்ட் என்று திரும்பினால் இன்னும் சிக்கல். 3 ஸ்பேட் வெறும் அழைப்பு, அவர் பாஸ் சொல்லலாம்; 4 ஸ்பேட் ஏலத்தையே முடித்துவிடும். வேறு வழியில்லாமல் 3 க்ளப் என்று பொய் சொல்ல வேண்டும். அவர் அதை நம்பி 4 க்ளபுக்கு உயர்த்தினால்?

என் வழியில் நான் 2 ஸ்பேட், பார்ட்னர் 2 நோ டிரம்ப், நான் 3 ஸ்பேட். துருப்பு முடிவாகிவிட்டது, கண்ட்ரோல் (ஏஸ், கிங் போன்றவை) சொல்ல 4-ஆம் மட்டம் முழுக்க மிச்சம். எதிரே பார்ட்னர் கையில் ஸ்பேட் 9, 5. ஹார்ட் ஏஸ், 8, 6. டைமண்ட் ஏஸ், குயின், ஜாக், 6, 4. க்ளப் குயின், 6, 3 என்று வையுங்கள். இரண்டு கையும் சேர்த்து 30 பாயிண்ட்தான். பிரிட்ஜ் ஆசான் சார்லஸ் கோரன் கணக்கில் சின்ன ஸ்லாமுக்கே (12 பிடி) 33 வேண்டும். ஆனால் பிடியை எண்ணுங்கள்: ஸ்பேட் 6, டைமண்ட் 5, ஹார்ட் ஏஸ், க்ளப் ஏஸ். பதிமூன்றும் நமக்கே.

ரஹீம்: கோபி சார் சொல்வதில் ஒரு கட்டுப்பாட்டைச் சேர்க்க வேண்டும். பலமான கை எல்லாவற்றுக்கும் குதிக்கக் கூடாது. அமெரிக்க ஆட்டக்காரர் பால் சோலோவே வகுத்த முறையில் மூன்று வகைக்குத்தான் இடம்: தனியாகவே நிற்கும் ஒரு சூட், நல்ல சூட்டோடு பார்ட்னர் சூட்டுக்கும் ஆதரவு, நல்ல சூட்டோடு சமநிலைக் கை. ஸ்பேட் 5, க்ளப் 5 என்றால் குதிக்கவே கூடாது, இரண்டாவது சூட்டைச் சொல்ல இடம் இருக்காது. அப்புறம், 1 ஸ்பேட் திறப்புக்கு இந்தத் தேவையே குறைவு. டூ ஓவர் ஒன் என்ற ஏல முறையை ஆடுபவர்களுக்கு 2 க்ளப் சொன்னாலே கேம் வரை பாஸ் கிடையாது.

மீரா: அந்தக் கட்டுப்பாட்டுக்குள் பார்த்தால் இன்னும் அபூர்வமாகிவிட்டதே! அதற்காக ஒரு ஏலச் சொல்லைப் பூட்டி வைப்பதா?

கோபி: அபூர்வம்தான், ஆனால் வரும்போது ஸ்லாம் போனஸ் தொங்குகிறது. உங்கள் பலவீனக் குதிப்பு எதிரணியை மட்டுமா அடைக்கிறது? திறந்தவர் கையில் 18 இருந்தால் அவர் வழியும் அடைபடுகிறது. எதிரணி நடுவில் டபுள் சொல்லி ஏலத்தில் புகுந்தால் மட்டும் பலவீனமாக ஆடுவோம், அதற்குச் சம்மதம்.

மீரா: டபுளுக்குப் பிறகு எனக்கும் சம்மதம். எதிரணி பேசாதபோது நான் மாறப் போவதில்லை. நான்காவது கைக்காரர் இன்னும் வாயே திறக்கவில்லை, அவரை அடைக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.