ஜெர்மனியில் 2 வருட போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் தற்காலிக ஆராய்ச்சி): வந்து 9 நாள், ஒண்ணும் ஓடல

காவேரிப்பட்டணம்_பையன்: அண்ணன்களே, அக்காக்களே, லீ இயற்கணிதம், அதாவது சமச்சீர்மையை ஆராயற கணிதம்தான் நம்ம வேலை, கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் நடுவுல. வீட்டு ஓனர் குடியிருப்புச் சான்றுல கையெழுத்து போட மாட்டேங்கறார். தூக்கமே வரல. 2 வருஷம் முடிஞ்சா என்ன ஆகும்? அவசரம்.

தொப்பூர்_கணவாய்: முதல்ல பேரைப் பாருங்க. பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் கட்டம் காலியா? கணிதக் கட்டுரையில ஆசிரியர் வரிசை பெரும்பாலும் குடும்பப் பேரோட அகரவரிசை. ஒண்ணுல அப்பா பேர் முழுசா, இன்னொண்ணுல இனிஷியல்னா தேடறவங்களுக்கு நீங்க ரெண்டு ஆள். ஆர்கிட் எண் (ஆராய்ச்சியாளருக்கான தனி அடையாள எண்) எடுத்து எல்லாத்தையும் அதுல கோத்துடுங்க.

பென்னாகரம்_ராகி: பேர் கெடக்கட்டும். ஆர்க்கைவ்ல (இதழுக்கு முன்னாடியே கட்டுரையைப் போடற இணையதளம்) முதல் பிரிவா ரெப்ரசென்டேஷன் தியரிங்கற கணிதப் பிரிவைப் போடுங்க. கணிதத்துறைக்காரங்க அங்கதான் பார்ப்பாங்க.

ஒகேனக்கல்_பரிசல்: தப்புங்க. இயற்பியல் சார்ந்த வேலையை அங்க போட்டா நிரூபணம் எங்கேன்னு கேப்பாங்க. கணித இயற்பியல் முதல்ல, மத்தது கூடுதல் பிரிவா. அதைவிடப் பெரிய தப்பு, ரெண்டு துறைக்கும் ஒரே ஆராய்ச்சி அறிக்கை அனுப்பறது. கணிதத்துக்கு முதல் பக்கத்துலயே தேற்றம் வேணும். இயற்பியலுக்கு எந்த அமைப்பு, என்ன சமச்சீர்மை, அதனால எந்தக் கணக்கு சுளுவாச்சுன்னு வேணும்.

பென்னாகரம்_ராகி: தேற்றம் இருந்தா மட்டும் வேலை வந்துடுமா? கணித மேதை எம்மி நோயதர் 1918லயே சமச்சீர்மைத் தேற்றத்தைக் கொடுத்துட்டாங்க. 1919 வரைக்கும் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் ஹில்பர்ட் பேர்லதான் பாடம் எடுத்தாங்க, சம்பளமும் கிடையாது.

மாந்தோப்பு_635: ஊரா இது? பாலக்கோட்டுல கூடையில வாங்கற தக்காளியை இங்க எண்ணி வாங்கணும்.

அரூர்_அக்கா: தம்பிக்கு 9 நாள் போயிடுச்சு, நீங்க தக்காளி பேசறீங்க. குடிபுகுந்த 2 வாரத்துக்குள்ள அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு பண்ணணும் தம்பி. குடியிருப்புச் சான்றுல கையெழுத்து போடறது ஓனரோட சட்டக் கடமை. மறுத்தா உடனே பதிவு அலுவலகத்துக்கு நீங்களே தெரிவிக்கணும், அதுவும் சட்டத்துலயே இருக்கு. அப்புறம் வரி எண் தபால்லதான் வரும். தபால்பெட்டியில உங்க பேர் ஒட்டலைன்னா கடிதம் திரும்பிப் போயிடும். எண் இல்லாம இழுத்துட்டே போனா சம்பளத்துல அதிக வரி போற ஆறாம் வரி வகுப்புல பிடிச்சிடுவாங்க.

அடுத்த வேலைக்கு விளம்பரம் பெரும்பாலும் அக்டோபர்ல இருந்து டிசம்பர்க்குள்ள, சேர்றது மறுவருஷ இலையுதிர்காலம். இந்த அக்டோபர்ல சேர்ந்திருந்தா, அடுத்த அக்டோபர்லயே விண்ணப்பம். செப்டம்பருக்குள்ள கட்டுரை ஆர்க்கைவ்ல இருக்கணும். இதழ் நடுவருக்குக் காத்திருந்தா மாசக்கணக்குல போயிடும். பரிந்துரைக் கடிதம் பொதுவா 3. ஒண்ணாவது கைடும் கூட எழுதினவரும் அல்லாத ஆள்கிட்ட வாங்குங்க, ஒரு மாசம் முன்னாடியே கேளுங்க.

வேலை ஒப்பந்தமா, ஸ்டைபெண்டா (உதவித்தொகை)? அதைச் சொல்லவே இல்லியே. ஒப்பந்தம்னா மருத்துவக் காப்பீட்டுல பாதி வேலை தர்றவங்க கட்டுவாங்க. ஸ்டைபெண்ட்னா முழுசும் உங்க தலையில, ஓய்வூதியக் கணக்கும் ஏறாது.

காவேரிப்பட்டணம்_பையன்: ஸ்டைபெண்ட்தான் அக்கா. தபால்பெட்டியில இன்னும் பழைய ஆள் பேர்தான் இருக்கு. இறங்கிப் போய் ஒட்டிட்டு வர்றேன்.