மறு: ‘நெர்வ் பிளாக்’ – ‘நரம்பு அடைப்பு’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

ஊசி மருந்தால் ஒரு நரம்பைத் தற்காலிகமாக உணர்விழக்கச் செய்து வலி போக்கும் ‘நெர்வ் பிளாக்’ முறைக்கு, ‘நரம்பு அடைப்பு’ எனத் தமிழில் முன்வைக்கப்பட்ட சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. களியக்காவிளை அருகே மயக்கவியல் மருத்துவராகப் பணிபுரிகிறேன். தோளில் அறுந்த தசைநாணைத் தைத்துக்கொள்ள வந்த, ரப்பர் பால் வெட்டும் பெரியவர் ஒருவர், ஒப்புதல் படிவத்தின் வரைவில் அச்சொல்லைக் கண்டதும், “எங்க அண்ணன் நெஞ்சில அடைப்பு வந்துதான் போனாரு, தோளுக்கு எதுக்கு சாரே அடைப்பு?” என்று கேட்டார். நம் மக்களிடையே அடைப்பு என்பது நோயின் பெயர். வலி போக்கும் செயலுக்கு அதை இடலாகாது.

‘நரம்பு மரப்பு’ என்பதே என் பரிந்துரை. ஊசி மருந்து நரம்பிழையில் சோடியம் புகும் வாயில்களை மூடுவதால் வலிச்செய்தி மூளையை எட்டுவதில்லை. மருந்தின் வேகம் தணிந்ததும் உணர்வு திரும்புகிறது. மரத்துப்போன கால் தானே தெளியும் என்பதை எல்லோரும் அறிவர் என்பதால், இது தற்காலிகமானது என்பதையும் சொல்லே உணர்த்திவிடும். மலையாளத்திலும் ‘மரவிப்பு’ வழங்குவதால், திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்குச் செல்லும் நம்மவர்க்கு இது அந்நியமாகத் தோன்றாது.

தோள் வலி போக்கக் கழுத்தில் ஊசி போடும் முறையின் பெயரில் வரும் ‘இன்டர்ஸ்கேலின்’ என்பதற்கு ‘ஏணித்தசையிடை’ வேண்டா. மூலமான கிரேக்கச் சொல்லுக்குச் சமமற்றது என்று பொருள். பள்ளிக் கணக்கில் வரும் ‘அசமபக்க முக்கோணம்’ நமக்கு வழிகாட்டுகிறது. கழுத்தின் முன், நடு அசமத்தசைகளுக்கு இடையே, கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலின் வேர்களைச் சூழ மருந்து செலுத்தப்படுவதால், ‘அசமத்தசையிடை நரம்பு மரப்பு’ எனலாம். நீளம்தான், ஆயினும் இடப்பெயரைக் கைவிட முடியாது. முன் அசமத்தசையின் மீது இறங்கும் மூச்சுக்குரிய தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பையும் அம்மருந்து எட்டி, அந்தப் பக்கத்து உதரவிதானத்தைச் சில மணி நேரம் தளர்த்திவிடக்கூடும் என்பதால், நுரையீரல் நலிந்தவர்க்குத் தோள்பட்டை எலும்பின் மேற்புறம் செல்லும் நரம்பையும் அக்குள் நரம்பையும் தனித்தனியே மரக்கச் செய்வதுண்டு. எந்த இடம் என்பது பெயரில் இல்லையெனில், இவ்விரு முறைகளும் குறிப்பேட்டில் ஒன்றாகிவிடும்.

இன்னொரு சொல்லும் தேவை. ஒற்றை ஊசியின் மரப்பு பெரும்பாலும் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் தெளிந்துவிடும். அப்போது, பல நேரம் நள்ளிரவில், வலி சடுதியில் கடுமையாக எழும். அதற்கு ‘மீள்வலி’ என்று பெயரிட்டு, ‘மரப்பு தெளியுமுன்பே வலி மாத்திரையை உட்கொள்ளவும்’ என்று படிவத்தில் சேர்க்க விரும்புகிறேன். ‘மீள்வலி’யைவிடத் தெளிவான சொல் இருப்பின் தெரிவியுங்கள், படிவம் இன்னும் அச்சுக்குச் செல்லவில்லை.