ரப்பர்த் துகளா, ரப்பர் நொய்யா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய டயரை அரைத்துத் தாரில் கலந்து ரோடு போடுகிறார்களே, அந்தக் கலவைக்கு (crumb rubber modified bitumen) 'துகள் ரப்பரால் மாற்றியமைக்கப்பட்ட நிலக்கீல்' என்று நம் கலைச்சொல் குழுவில் ஒரு சொல் வந்தது. பொருளில் பிழையில்லை. ஆனால் அதைப் பாடமாகப் படிக்கப்போகும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் சித்தூர் தாலுகாவில் இன்னும் தமிழ் மீடியம் வகுப்புகள் நடக்கின்றன. பக்கத்து வகுப்பில் மலையாளம், மேலே போனால் இங்கிலீஷ். நடுவில் நிற்கும் பிள்ளைக்கு வாயில் தங்குகிற சொல் வேண்டும்.

என் பரிந்துரை: ரப்பர்நொய் நிலக்கீல்.

'துகள்' என்றால் தூசியும் துகள்தான், அணுவுக்குள் இருப்பதும் துகள்தான். 'தூள்' என்றால் மிளகாய்த்தூள் போல மாவாக நினைப்போம். அரைத்த டயர் அப்படி இல்லை. கம்பியைக் காந்தத்தால் பிரித்து, நார் நீக்கிச் சலித்தபின் வருவது அரை மில்லிமீட்டர் வாக்கில், உள்ளங்கையில் உருட்டினால் நெறுநெறுவென்று இருக்கும். அரிசிக் குருணையைப் புடைத்தபின் முறத்தில் மிஞ்சும் நொய்யேதான்.

உருவம் மட்டுமல்ல, வேலையும் அதேதான். டயர் ரப்பர் கந்தகம் சேர்த்து இறுக்கியது, அதனால் உருகாது. 180 டிகிரி அளவில் காயும் நிலக்கீலில் போட்டால் அதிலுள்ள லேசான எண்ணெயைக் குடித்து உப்பும், கலவை கெட்டியாகும். கொதிக்கிற உலையில் நொய்யைப் போட்டுக் கஞ்சி காய்ச்சுபவருக்கு இதை விளக்கவே வேண்டாம். 1960களில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரப் பொறியாளர் சார்லஸ் மெக்டொனால்டு இந்த வழியில்தான் ரோட்டு வெடிப்புகளை அடைத்தார்.

'மாற்றியமைக்கப்பட்ட' தேவையில்லை. பெயரில் நொய் வந்துவிட்டாலே மாற்றம் புரிந்துவிடும். தளத்தில் மேஸ்திரி 'டயர் தார்' என்றே சொல்லட்டும், நல்ல பேச்சுச்சொல். ஆனால் தார் நிலக்கரியிலிருந்து வருவது, இது பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதனால் பாடநூலில் நிலக்கீல்தான் வேண்டும்.

அப்புறம், ரப்பரைச் சேர்க்கும் இரண்டு வழிகளுக்கு 'ஈரமுறை' (wet process), 'உலர்முறை' (dry process) என்று போட்டிருப்பதை மாற்றியே ஆகவேண்டும். ஈரமுறை என்று படிக்கும் பிள்ளை தண்ணீர் ஊற்றுவதாகத்தான் எண்ணும். இந்த முறையில் தண்ணீருக்கு வேலையே இல்லை. ரப்பரை முதலில் நிலக்கீலில் ஊறவிடுவதை 'ஊறல் முறை' என்போம். சூடான ஜல்லியோடு ரப்பரைச் சேர்த்து, பிறகு நிலக்கீலை ஊற்றுவது 'தூவல் முறை'. இதற்குச் சற்றுப் பெரிய ரப்பரும் ஆகும் என்பதால் அங்கே 'ரப்பர்க் குருணை' என்றே எழுதலாம்.

ஒன்று பாக்கி. தொட்டியில் கிளறாமல் வைத்தால் ரப்பர் கீழே இறங்கிவிடும். அதற்கு 'அடிதங்கல்' என்று வைத்திருக்கிறேன். வண்டலோடு குழம்பாத வேறு சொல் உங்கள் ஊரில் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.