செவிப்பறை ஒட்டா, வனைவா?

மானிப்பாய், மொழிபெயர்ப்பாளர்:

எல்லாருக்கும் வணக்கம். காதுச் சத்திரசிகிச்சைக்கு வருபவர்களுக்கான துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். மிரிங்கோபிளாஸ்டி, டிம்பனோபிளாஸ்டி என்று துளை விழுந்த செவிப்பறையைத் திருத்தும் சத்திரசிகிச்சைகள் இரண்டு. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் தேவை. பழைய வரைவில் இரண்டுமே 'செவிப்பறைச் சீரமைப்பு'. அத்தோடு 'சத்திரசிகிச்சையின் மூன்று அணுகுமுறைகள்' என்றும் இருக்கிறது. வாசித்தால் டொக்டரின் குணத்தைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கிறது.

நல்லூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, 'பிளாஸ்டி' கிரேக்க வேர். குழைத்து உருவாக்குவது என்று பொருள். எங்களிடம் 'வனைதல்' இருக்கிறதே! செவிப்பறை வனைவு, நடுச்செவி வனைவு, மூக்கு வனைவு என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல் ஓடும்.

இன்னொன்று. பறை என்றதும் தோற்கருவியை மட்டும் நினைக்க வேண்டாம். பறைதல் என்றால் சொல்லுதல். 'என்ன பறையிறாய்' என்று எங்கள் சனம் கேட்கும், மலையாளத்திலும் அதுவே. ஆகவே செவிப்பறை என்பது செவிக்குச் செய்தி சொல்லும் உறுப்பு. பாடப்புத்தகம் பின்னால் கட்டிவிட்ட 'மென்சவ்வு' என்ற வால் வேண்டியதில்லை. கேள்வியால் தோட்கப்படாத, அதாவது துளைக்கப்படாத, செவி கேளாச் செவி என்றார் வள்ளுவர். இங்கே தோட்கப்பட்டதால் அல்லவா கேட்கவில்லை!

யாழ்ப்பாணம், காது மூக்கு தொண்டை வைத்தியர்:

ஐயா, காதில் சீழ் வடிய வந்த ஆளுக்குக் குறள் சொன்னால் அடுத்த கிளினிக்குக்கு வரமாட்டார்.

மூன்று விடயங்கள் ஒன்றாய்க் குழம்பிக் கிடக்கின்றன. முதலாவது, எந்த வழியால் உள்ளே போகிறோம் என்பது. காதுக்குழாய்க்குள்ளாலேயே போகலாம். குழாய் வாசலில் மேற்பக்கமாகச் சின்னக் கீறல் போட்டும் போகலாம். துளை பெரிதாகவோ முன்பக்கமாகவோ இருந்தால், அல்லது குழாய் ஒடுங்கி வளைந்திருந்தால், காதுமடலின் பின்னால் கீறி மடலை முன்னே தள்ளிப் போகிறோம். எண்டொஸ்கோப் என்ற உள்நோக்கிக் குழல் வந்த பிறகு பின்கீறல் இல்லாமலே பலதைச் செய்ய முடிகிறது. ஆகவே 'அணுகுமுறை' வேண்டாம், 'வழி' போதும். 'எங்கே வெட்டுவீர்கள்?' என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி.

இரண்டாவது, துளையை மூடும் துண்டை, அதாவது 'ஒட்டு' என்பதை, எங்கே வைக்கிறோம். பெரும்பாலும் காதுக்கு மேலே, கடைநுதல் தசையைப் போர்த்திருக்கும் மெல்லிய உறையில் ஒரு துண்டு எடுப்போம். சிலவேளை காதுக்குழாய் வாசலின் முன்னால் துருத்தி நிற்கும் முன்குமிழின் கசியிழையம் (குருத்தெலும்பு). அதை மிச்சச் சவ்வுக்கு உட்பக்கமாக வைத்து, கரைந்துபோகும் ஜெலட்டின் பஞ்சால் தாங்குவது ஒரு முறை. சவ்வின் வெளித்தோலை உரித்துவிட்டு நடுப்படையின் மேல் விரிப்பது மற்றது. இந்த இரண்டாவதில் கவனம் வேண்டும். முன்கோணம் மழுங்கலாம், ஒட்டு வெளியே விலகலாம், அடியில் தோல் சிக்கினால் முத்துப்போல் கட்டி வரும்.

மூன்றாவது, எவ்வளவு திருத்துகிறோம். சவ்வை மட்டும் அடைத்தால் மிரிங்கோபிளாஸ்டி. 1878இல் பெர்த்தோல்ட் வைத்த பெயர். நடுச்செவியைத் திறந்து நோயை நீக்கி, அங்கே ஒலியைக் கடத்தும் சின்ன எலும்புகளான சிற்றென்புகளையும் பார்த்துச் சீர்செய்தால் டிம்பனோபிளாஸ்டி. 1950களில் வுல்ஸ்டைன் அதை ஐந்து வகையாக்கினார். முதல் வகையில் என்புகள் நன்றாயிருக்கும், சவ்வுதான் பிரச்சினை. அதனால் அதையும் மிரிங்கோபிளாஸ்டியையும் நாங்களே மாற்றி மாற்றிச் சொல்கிறோம். பழைய வரைவை எழுதியவரைக் குறை சொல்ல முடியாது.

மதுரை, மென்பொருளாளர்:

சத்திரசிகிச்சையா? எங்க ஊரில் சத்திரம் என்றால் தங்கிச் சாப்பிடும் இடம். நல்ல தமிழில் 'அறுவை' இருக்கிறது. 'என்பு'ம் இங்கே யாருக்கும் புரியாது.

ரொறன்ரோ, தாதி:

உங்கள் ஊரில் அறுவை என்றால் அலுப்படிக்கும் பேச்சு என்று படம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம் தம்பி. பிரசுரம் யாழ்ப்பாணத்துக்கு. சத்திரசிகிச்சை இருக்கட்டும்.

மானிப்பாய், மொழிபெயர்ப்பாளர்:

ஒட்டு வைக்கும் இரண்டு முறைக்கும் கீழொட்டு, மேலொட்டு சரிவருமா?

யாழ்ப்பாணம், வைத்தியர்:

வராது. சவ்வு படுக்கையாக இல்லை, சரிந்து நிமிர்ந்து நிற்கிறது. 'கீழ்' என்றால் சவ்வின் அடிப்பாகம் என்று நினைப்பார்கள். அகவொட்டு, புறவொட்டு என்று போடுங்கள்.

நல்லூர், தமிழாசிரியர்:

அகமும் புறமும்! இதற்கு மறுப்பில்லை. 'ஒட்டு'க்குத்தான் மறுப்பு.

திருநெல்வேலி (யாழ்ப்பாணம்), விவசாயப் போதனாசிரியர்:

நானும் அந்தப் பக்கம்தான். கறுத்தக்கொழும்பான் மாமர ஒட்டில் வைத்த கிளைதான் வளர்ந்து காய்க்கும். இங்கே வைத்த துண்டு வளர்வதில்லை, பழைய சவ்வின் தோல் அதன்மேல் படர்ந்து துளையை மூடுகிறது என்று டொக்டர் முன்பு சொன்னார். அப்படியானால் அது ஒட்டு அல்ல, கட்டிடத்துக்குக் கட்டுவதுபோல ஒரு சாரம்.

ரொறன்ரோ, தாதி:

சாரம் என்றால் எங்கள் ஆம்பிளைகள் இடுப்பில் கட்டுவது. வேறு சொல்லுங்கோ.

நல்லூர், தமிழாசிரியர்:

சிரிப்பு இருக்கட்டும். 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் மானிப்பாயிலிருந்து தமிழில் வைத்தியம் படிப்பித்து, 'இரண வைத்தியம்' என்று சத்திரசிகிச்சை நூலே வெளியிட்டவர். அவருக்கு இருந்த துணிவு எங்களுக்கு ஏன் இல்லை?

மதுரை, மென்பொருளாளர்:

அதே கிறீன்தான் வேதியியலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர் வைத்தார். அவரை யார் பக்கமும் சேர்க்க முடியாது ஐயா.

மானிப்பாய், மொழிபெயர்ப்பாளர்:

வெள்ளி காலை. அனுப்பியாயிற்று. மிரிங்கோபிளாஸ்டி 'செவிப்பறை ஒட்டு'. டிம்பனோபிளாஸ்டி 'நடுச்செவிச் சீரமைப்பு'. குழாய்வழி, குழாய்வாசல் கீறல்வழி, பின்கீறல்வழி. அகவொட்டும் புறவொட்டும் படத்தோடு வருகின்றன. முதல் தடவை வரும் இடத்தில் 'காதுச் சவ்வில் ஓட்டை' என்றும் எழுதியிருக்கிறேன். மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது, காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது என்ற இரண்டு வரியையும் டொக்டர் சொன்னபடி பெரிய எழுத்தில் போட்டாயிற்று.

ரொறன்ரோ, தாதி:

அகவொட்டா புறவொட்டா என்று தெரிவு செய்யப்போவது நோயாளி இல்லையே. அதற்கு அரைப் பக்கம் எதற்கு?

நல்லூர், தமிழாசிரியர்:

அடுத்த பிரசுரத்தில் சிற்றென்புகளைத் திருத்துவது வரும். அதற்கு 'என்பு ஒட்டு' என்பீர்களோ? நோயாளியின் பட்டடையுரு என்ற சிற்றென்பையே எடுத்துச் சீவி, வேண்டிய உருவத்துக்குக் கொண்டுவந்து திரும்ப வைப்பதும் உண்டு என்று டொக்டரே சொன்னார். அது வனைவு இல்லாமல் வேறென்ன?

மதுரை, மென்பொருளாளர்:

சீவுவது செதுக்கல் ஐயா. வனைதல் இல்லை.